ஓடிப்போனவன் யார்?
‘அந்த நாள்’ என்னும் திரைப்படத்தைக் குறித்து

குற்றம் புரிந்தவன் ஓடுவதும், ஊரும் அரசும் அவனைத் தேடுவதும் கதைப் பொருள்களுள் மிகப் பழையன. பாட்டிமார் சொல்லும் கள்ளர் கதை முதல், ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோர் எழுதிக் குவித்த துப்பறியும் நாவல்கள் வரை இப்பொருளே பல வேடம் பூண்டு வந்துளது. ஓடுகிறவனோடு நம் மனமும் ஓடுகிறது. அவன் அகப்பட வேண்டும் என்று அறிவு கூறினும், அகப்படாதிருக்கக் கூடாதா என்று உள்ளத்தின் ஒரு மூலை ஏங்குகிறது. இவ்விரண்டுக்கும் இடையே நம்மைத் தொங்க விடுவதே இத்தகைய கதைகளின் சூழ்ச்சியாகும்.

சென்ற பருவத்தில் மாணவர் சிலரோடு உடனிருந்து ‘அந்த நாள்’ என்னும் பழைய தமிழ்ப் படத்தைக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. படம் முடிந்து விளக்கு ஏற்றப்பட்டதும், பின்வரிசையில் இருந்த மாணவர் ஒருவர், “ஐயா, கொலை செய்தவன் ஓடிவிட்டான், அவனை எப்படிப் பிடிக்கப் போகிறார்கள் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், ஓட இருந்தவன் செத்தவனே அல்லவா!” என்றார். அவர் வியப்போடு கூறிய அச்சொல்லே இக்கட்டுரைக்கு வித்து. அதனை விளக்க வேண்டுமாயின் கதையின் முடிவைச் சொல்லியே தீரவேண்டும். ஆகவே படத்தை இதுகாறும் காணாத நண்பர்கள் இவ்விடத்தே நிறுத்தி, படத்தைக் கண்டு, பின்னர் இப்பக்கத்துக்கு மீள்வாராக. நாம் காத்திருப்போம்.

‘அந்த நாள்’ 1954ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் வெளிவந்தது. ஏவி. மெய்யப்பச் செட்டியார் தயாரித்தார். வீணை வித்துவானாக உலகம் பின்னர் அறிந்த எஸ். பாலசந்தர் இயக்கினார், ஜாவர் சீதாராமன் திரைக்கதையும் உரையாடலும் எழுதித் துப்பறியும் அதிகாரியாகத் தாமே நடித்தார். சிவாஜி கணேசனும் பண்டரிபாயும் கணவன் மனைவியாக நடித்தனர். இவ்விருவரும் 1952ஆம் ஆண்டு ‘பராசக்தி’யில் இணைந்து நடித்துப் பெயர் பெற்றவர்களே.

மேனாட்டார் ஒருவகைக் குற்றப்படத்தைக் ‘கறுப்புப் படம்’ என்பர். அப்பெயரை இட்டவர் நீனோ பிராங்க் என்னும் பிரெஞ்சுத் திறனாய்வாளர். இட்ட ஆண்டு 1946. ஜெர்மானியர் ஆட்சியில் இருந்த காலம் முழுதும் பிரான்ஸ் நாட்டில் அமெரிக்கப் படங்கள் காட்டப்படவில்லை. போர் முடிந்ததும் அவை ஒருங்கே வந்து குவிந்தன. வரிசையாகக் கண்டவர்க்கு அமெரிக்கப் படத்தின் முகமே இருண்டுபோனது தெற்றெனப் புலப்பட்டது. இரவு, மழை நனைத்த தெரு, சன்னலின் சட்டங்கள் சுவரிற் படிக்கும் கம்பி நிழல், நல்லவன் இன்னான் தீயவன் இன்னான் என்று துணிய இயலாத மயக்கம், முன்னிகழ்ச்சியைப் பின்னே சொல்லும் கதைப்போக்கு இவை இவ்வகையின் அடையாளங்கள். 1944ஆம் ஆண்டு பில்லி வைல்டர் எடுத்த ‘டபிள் இண்டெம்னிட்டி’யும், 1947ஆம் ஆண்டு இங்கிலாந்தில் காரல் ரீட் எடுத்த ‘ஆட் மேன் அவுட்’டும் இவ்வகைக்குச் சிறந்த சான்றுகள். பின்னது, குண்டடி பட்ட ஒருவன் ஓரிரவு முழுதும் நகரத்துள் ஒளிந்தோடும் கதையேயாம்.

இங்கே ஒன்று கருதத்தக்கது. பில்லி வைல்டர், பிரிட்ஸ் லாங், ராபர்ட் சியோட்மாக் முதலிய இயக்குநர் பலர் ஹிட்லரின் கொடுமைக்கு அஞ்சி ஐரோப்பாவினின்றும் ஓடிவந்தவர். ஓடிவந்தவர்கள் எடுத்தமையாற்றான் போலும், அப்படங்களில் ஓடுகிறவன் வெறும் திருடனாக மட்டும் நில்லாது, நம்மைப் போன்ற ஒரு மனிதனாகவும் தோன்றுகிறான்.

ஓட்டம் என்றால் என்ன என்பதை நம் சென்னையும் ஒருமுறை அறிந்தது. 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு எம்டன் என்னும் ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசி எரித்துச் சென்றதும், அப்பெயர் தமிழில் ஒரு சொல்லாகவே நிலைத்து, எதற்கும் துணிந்த ஆளை ‘அவன் சரியான எம்டன்’ என்று நாம் வழங்குவதும் யாவரும் அறிந்தவை. ஆனால் 1942ஆம் ஆண்டின் அச்சம் அதனினும் பெரிது. அவ்வாண்டு ஏப்ரல் முதல்வாரத்தில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு வீசின. அடுத்தது சென்னையே என்று அரசினரே அஞ்சினர். நகரில் இருந்தே தீரவேண்டிய கடமையில்லாதார் வெளியேறுக என்று அறிவிக்கப்பட்டது. உயர்நீதி மன்றம் கோயம்புத்தூருக்குப் பெயர்ந்தது. பீப்பிள்ஸ் பார்க்கிலிருந்த விலங்குச்சாலையின் கொடிய விலங்குகள், குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் தெருவில் திரியுமென்று, சுட்டுக் கொல்லப்பட்டன. சிங்கம் செத்தது குண்டினாலன்று, குண்டு விழும் என்ற அச்சத்தினால்.

ஓடியவர் எத்திசை ஓடினர்? கிழக்கே கடல், ஆகவே பெரும்பாலோர்க்கு மேற்குத் திசையே கதியாயிற்று. பூந்தமல்லி நெடுஞ்சாலையும், அம்பத்தூர் ஆவடி வழியாகச் செல்லும் இருப்புப்பாதையும் மக்களால் நிரம்பின. இவ்விருப்புப்பாதை 1856ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுப் பக்கம் இடப்பட்ட தென்னாட்டின் முதற் பாதை என்பதை நாடோறும் அதில் வந்து செல்லும் மாணவர் பலரும் எண்ணிப் பார்த்திரார். அம்பத்தூரில் வாழும் முதியவர் ஒருவர் அந்நாளில் சிறுவர். மாட்டு வண்டிகளில் அண்டாவும் தொட்டிலும் ஏற்றிக்கொண்டு மக்கள் போனதையும், முன்பின் அறியாத ஒரு குடும்பம் தம் வீட்டுத் திண்ணையில் மூன்று இரவு தங்கியதையும் அவர் நம்மிடம் கூறினார். போகும்போது கனம் பொறாமல் அம்மியை விட்டுப் போயினராம். திரும்பி வந்து கேட்கவே இல்லையாம். அது இன்றும் அவர் வீட்டுக் கொல்லையிற் கிடக்கிறது.

நகரம் ஓடியபோது குண்டு விழவில்லை. ஓடியவர் ஒவ்வொருவராகத் திரும்பி, அஞ்சியதற்காகத் தாமே நாணி, பழைய வாழ்க்கையில் அமர்ந்தபின், 1943ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் இரவு ஒற்றை ஜப்பானிய விமானம் வந்து சில குண்டுகளைப் போட்டுச் சென்றது. சேதம் சிறிது. பலர் மறுநாளும் அதனை அறிந்திலர். படத்தின் பெயரில் வரும் ‘அந்த நாள்’ இதனை ஒட்டியதே. பதினொரு ஆண்டுகூட நிரம்பாத ஒரு நிகழ்ச்சியை 1954இல் திரையிற் கண்டவர்க்கு அது சரித்திரமன்று. தம் சொந்த நினைவு.

கதை ஒரு துப்பாக்கி வேட்டோடு தொடங்குகிறது. ராஜன் என்னும் வானொலிப் பொறியாளன் தன் வீட்டிலேயே சுடப்பட்டு வீழ்கிறான். ஓசை கேட்டு அண்டை வீட்டுச் சின்னையாப் பிள்ளை போலீசுக்கு ஓடுகிறார். துப்பறியும் அதிகாரி சிவானந்தம் வந்து ஒவ்வொருவரையும் விசாரிக்கிறார். சின்னையா, ராஜனின் தம்பி பட்டாபி, பட்டாபியின் மனைவி ஹேமா, ராஜனோடு தொடர்புடைய நடனமாது அம்புஜம், ராஜனின் மனைவி உஷா ஆகிய ஐவரும் சாட்சிகள், ஐவருமே ஐயத்துக்குரியவர்கள். ஒவ்வொருவரும் தம் கதையைக் கூறி வேறொருவரைச் சுட்டுகின்றனர். ஒவ்வொரு கதையிலும் ராஜன் ஒவ்வொரு ராஜனாக நடமாடுகிறான். பொருளாசை பிடித்த தமையன் ஒரு கதையில். ஒழுக்கம் தவறிய கணவன் ஒரு கதையில். யானையைத் தடவிய குருடர் கதைதான். ஆனால் இங்கே யானை செத்துக் கிடக்கிறது.

இவ்வமைப்பைக் கண்டோர் அகிரா குரோசாவாவின் ‘ராஷோமோன்’ என்னும் ஜப்பானியப் படத்தை நினைத்தல் இயல்பு. 1950இல் எடுக்கப்பட்ட அப்படம் மறு ஆண்டு வெனிஸ் நகர விழாவில் தலைப்பரிசு பெற்றது. ஜப்பானியக் குண்டு விழுந்த கதையைச் சொல்வதற்கு ஒரு ஜப்பானியப் படம் வழிகாட்டியாயிற்று என்பது சுவையான முரண். ஆயினும் வேறுபாடு உண்டு. ‘ராஷோமோ’னில் உண்மை எது என்று இறுதிவரை துணிய முடியாது. ‘அந்த நாள்’ உண்மையை மறைத்து வைத்து, இறுதியில் திறந்து காட்டுகிறது. இதனால் ஆழம் குறைந்தது என்பார் உளர். நாம் அக்கருத்தினேம் அல்லேம். ‘அந்த நாள்’ கேட்கும் கேள்வி ‘உண்மையை அறிதல் கூடுமா’ என்பதன்று. ‘உண்மையை அறிந்தபின் செய்வது யாது’ என்பது. முதற்கேள்விக்கு விடையில்லாமை அழகு. இரண்டாவதற்கு விடையில்லாமல் இருப்பது தப்பித்தலேயாகும்.

அவ்வுண்மை யாது? ராஜன் ஜப்பானியருக்கு நாட்டின் இரகசியங்களை விற்கும் ஒற்றன். போர்க்காலச் சென்னையில் பகைவர் அறிய விரும்பத்தக்கவை பல இருந்தன. கிழக்கே துறைமுகம், மேற்கே ஆவடியில் எழுந்த பெரும் படைத்தளமும் தளவாடக் கிடங்குகளும். வானொலி அறிந்தவன் கையில் ஒரு செய்திப் பொறி இருப்பின் வீட்டின் உள்ளறையே போதும். கப்பல் வேண்டா, படை வேண்டா. அத்தகையவன் தன் தொழில் வெளிப்படும் நிலை வந்ததும் தப்பியோட முனைகிறான். மனைவி உஷா அறிகிறாள், தடுக்கிறாள், மன்றாடுகிறாள். அவன் இணங்கவில்லை. அவள் கைத்துப்பாக்கி வெடிக்கிறது. ஆகவே கொலையாளியைத் தேடிச் சிவானந்தம் சென்ற வழிகள் யாவும் திரும்பி அவ்வீட்டுக்கே வந்து முடிகின்றன. கொலை செய்தவள் எங்கும் ஓடவில்லை; விசாரணையின்போதெல்லாம் அங்கேயே, துயரக் கோலத்தில் அமர்ந்திருந்தாள். ஓடவிருந்தவன் வாசற்படியைத் தாண்டவில்லை. நம் மாணவர் வியந்தது இதனையே.

இந்தத் தலைகீழ் மாற்றம் வெறும் வித்தையாயின் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. வித்தைக்குப் பின்னே ஒரு மெய்யான வழக்கு இருக்கிறது. ராஜன் பிறவித் தீயன் அல்லன், அறிவாளி. எளியோரும் வாங்கத்தக்க வானொலிப் பெட்டிகளைச் செய்யவேண்டும் என்று கனாக் கண்டவன். தன் நாட்டில் அதனை மதிப்பார் ஒருவரும் இலர், ஜப்பானில் மதித்தார்கள். புண்பட்ட செருக்கே அவனை விற்றது. பணம் பின்னர் வந்தது. சிவாஜி கணேசன் இவ்விடத்தில் நடிக்கும் முறை நம் நினைவை விட்டு அகலாது. உரத்த குரலுக்கும் நீண்ட வசனத்துக்கும் பெயர் பெற்ற அவர், இப்படத்தில் பெரும்பாலும் குரலை அடக்கியே பேசுகிறார். தான் செய்வது துரோகம் என்பதை அவன் ஒருபோதும் ஒப்புவதில்லை. அறிவுள்ளவன் செய்யும் தவற்றுக்கு எப்போதும் ஒரு காரணம் ஆயத்தமாக இருக்கும். அக்காரணம் கேட்பவரை ஒரு நொடி மயக்கவும் செய்யும். கல்லூரியிற் பயில்வோர் இப்பாத்திரத்தைக் கண்டு சற்றே அமைதியிழப்பாராயின் அதில் வியப்பில்லை.

ஆனால் வழக்கு இன்னும் சிக்கலானது. 1943இல் இந்நாடு ஆங்கிலேயர் கையில் இருந்தது. அயலான் ஆளும் நாட்டில், அவ்வயலானின் பகைவனுக்குத் துணைசெய்வது துரோகமாகுமா?

இக்கேள்வி அந்நாளில் ஏட்டளவில் நின்றதன்று. 1942ஆம் ஆண்டு செப்டம்பரில் பினாங்கிலிருந்து நீர்மூழ்கிக் கப்பலில் வந்து மலையாளக் கரையில் தானூரருகே இறங்கிய இளைஞர் சிலர் பிடிபட்டனர். இந்திய விடுதலைக்காக ஜப்பானியர் துணையோடு பயிற்சி பெற்று அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். போர்க்காலத் தனிச்சட்டத்தின்படி விசாரிக்கப்பட்டு, வக்கம் அப்துல் காதர், அனந்தன் நாயர், சத்தியேந்திர சந்திர பர்தன், பௌஜா சிங் ஆகிய நால்வரும் 1943ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் சென்னை மத்தியச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். அதாவது, சென்னையில் குண்டு விழுவதற்கு ஒரு திங்களே முன்னர். அச்சிறை சென்ட்ரல் நிலையத்தின் அருகே இருந்தது, இன்று இல்லை. அரசின் ஏட்டில் அவர்கள் பகைவரின் ஒற்றர். நம் நாட்டார் நெஞ்சில் அவர்கள் தியாகிகள்.

அப்படியாயின் ராஜன் மட்டும் ஏன் குற்றவாளி? படம் இக்கேள்வியைத் தவிர்க்கவில்லை என்பதே அதன் பெருமை. விடையை அது சொற்பொழிவால் தராமல் உஷா என்னும் பெண்ணால் தருகிறது. உஷா ஆங்கிலேயரின் அடியாள் அல்லள். தேசபக்தி மிக்கவள், விடுதலையை வேண்டுபவள். ஆங்கிலேயனை வெறுப்பவளே ஜப்பானியனுக்கும் கதவு திறக்க மறுக்கிறாள். தூக்குமேடை ஏறிய நால்வரும் தமக்கெனக் கேட்டது ஒன்றுமில்லை. பிடிபட்டால் கயிறு என்பதை அறிந்தே வந்தனர். ராஜனோ தனக்கு ஒரு மரியாதை வேண்டும் என்று தொடங்கினான். பிடிபடும் நேரத்தில் பிறரை எல்லாம் விட்டுவிட்டு ஓடத் துணிந்தான். ஒரே கடலுக்கு அப்பாலிருந்து ஒரே பகைவனின் துணையைப் பெற்றவர்களாயினும், வந்தவர்களுக்கும் ஓடவிருந்தவனுக்கும் இடையே உள்ள தொலைவு மிகப் பெரிது. இவ்வொப்பீடு படத்தில் உள்ளதன்று, நாம் செய்வது. ஆயினும் 1954இல் கொட்டகையில் அமர்ந்திருந்தவருள் சிலராவது அந்நால்வரை நினைத்திருப்பர் என்று எண்ணுகிறோம்.

இராமகாதை பயில்வோர்க்கு இவ்வழக்குப் புதிதன்று. அண்ணன் அறம் பிழைத்தான் என்று கண்டு பகைவன்பாற் சென்ற வீடணனைப் பழித்தவரும் உண்டு, போற்றியவரும் உண்டு. பிழை என்றறிந்தும் செஞ்சோற்றுக் கடன் கழித்து மாய்ந்த கும்பகருணனுக்குக் கண்ணீர் விடாதார் இல்லை. நம் இலக்கிய மன்றத்தில் ஆண்டுதோறும் இதுபற்றிப் பட்டிமன்றம் நிகழ்ந்தும் தீர்ப்பு இன்னும் நிலைத்த பாடில்லை. (சென்ற ஆண்டு வீடணன் தோற்றான்; பேசியவரின் குரல் கட்டியிருந்தமையே காரணம் என்பது நம் துணிபு.)

உஷாவை நோக்குங்கால் நமக்குக் கண்ணகியே நினைவுக்கு வருகிறாள். கணவன் கள்வன் என்று அரசன் கூற, ‘என் கணவன் கள்வன் அல்லன்’ என்று நிறுவி மதுரையை எரித்தவள் அவள். உஷாவின் கணவனையோ உலகம் நல்லவன் என்றே நம்புகிறது. கள்வன் என்று அறிந்தவள் அவள் ஒருத்தியே. கண்ணகிக்குக் கையிற் சிலம்பு இருந்தது. உஷாவுக்கு இருந்தது துப்பாக்கி. கணவனே தெய்வம் என்று பாட்டுக்குப் பாட்டு முழங்கிய தமிழ்த் திரையில், மனைவியின் கையால் கணவன் மடிவதைக் காட்டியது எத்துணைத் துணிவு என்பதை இன்று நாம் முழுதும் உணர்வது அரிது. இந்தியில் ‘மதர் இந்தியா’வில் தாய் தன் மகனைச் சுடும் காட்சி புகழ்பெற்றது, அது வந்தது 1957இல், மூன்று ஆண்டு பின்னர். மேனாட்டுக் கறுப்புப் படங்களில் ஆடவனை அழிக்கும் பெண் பெரும்பாலும் அழகால் மயக்கும் வஞ்சகி. இப்படத்தில் அந்த வேடத்துக்கு உரியவளாக அம்புஜத்தைக் காட்டி நம் கண்ணை அவள்பாற் செலுத்திவிட்டு, குத்துவிளக்கு ஏற்றும் குலமகளிடம் துப்பாக்கியைக் கொடுத்திருக்கிறார் பாலசந்தர். பண்டரிபாயின் அமைதியான முகம் இதற்கு எவ்வளவு பொருந்தியது என்பதைப் படத்தை இரண்டாம் முறை காண்பவரே அறிவர்.

இனிப் படத்தின் புறவுருவம் பற்றிச் சிறிது கூறுவோம். இதில் பாட்டு இல்லை. நடனம் இல்லை. சண்டைக் காட்சியும் இல்லை. பாடல் இல்லாத முதல் தமிழ்ப் பேசும் படம் இதுவே. பத்துப் பாட்டுக்குக் குறைந்தால் படமே அன்று என்றிருந்த காலம் அது. 1944இல் வந்த ‘ஹரிதாஸ்’ மூன்று தீபாவளி கண்டது தியாகராஜ பாகவதரின் பாட்டினாலன்றோ? பாட்டை நீக்கியவர் பாட்டறியாதவர் அல்லர் என்பதே வியப்பு. பாலசந்தர் வீணையில் உலகப் புகழ் பெற்றவர். இசையின் ஆற்றலை அறிந்தவராதலின், அது இங்கே புகுந்தால் ஐயம் கலைந்துவிடும் என்றும் அறிந்திருப்பார். பாட்டு ஒன்று வந்தால், பாடுபவன் மனத்தைத் திறந்து காட்டிவிடுவான். மனத்தைத் திறந்து காட்டும் ஒருவனை நாம் எவ்வாறு ஐயுறுவது?

பாட்டு விட்ட இடத்தை நிழல் நிரப்புகிறது. ஒளிப்பதிவாளர் மாருதி ராவ் ஒரு பக்கமே ஒளி விழும்படி விளக்கை அமைத்து, முகத்தின் மறுபாதியை இருளில் விட்டிருக்கிறார். நல்ல செய்தி கூறும்போதும் ஒருவர் முகம் பாதி இருண்டிருந்தால், கேட்பவர் நம்பத் தயங்குவர். இஃது எளிய உண்மை. கதையின் பெரும்பகுதி ஒரு வீட்டுக்குள்ளேயே நிகழ்வதால் மாடிப்படியும் கதவும் சன்னலும் மீண்டும் மீண்டும் வருகின்றன. ஆயினும் ஒவ்வொருவர் கதையிலும் அதே வீடு வேறு வீடாகத் தோன்றுகிறது.

நடிகர் தேர்வு பற்றி ஒரு செய்தி கல்லூரி நண்பர்க்குச் சுவை தரும். ராஜன் வேடத்துக்கு முதலில் அமர்த்தப்பட்டவருள் ஒருவர் கல்கத்தாவில் வாழ்ந்த கல்லூரி ஆசிரியரும் நாடக நடிகருமான ந. விசுவநாதன். எடுத்தவரை பார்த்த மெய்யப்பச் செட்டியாருக்கு மனநிறைவு ஏற்படாமையால், சிவாஜி கணேசனைக் கொண்டு மறுபடியும் எடுத்தனர். விசுவநாதன் சோர்ந்துவிடவில்லை, 1962இல் சத்தியஜித் ராயின் ‘காஞ்சன்ஜங்கா’வில் நடித்தார். ஆசிரியர் தொழிலில் இருந்தே திரைக்குச் சென்று, ஒரு வாய்ப்பை இழந்து, அதனினும் சிறந்த ஒன்றைப் பெற்றார் என்பது நம் ஆசிரியப் பெருமக்களுக்கு ஆறுதலாகுக.

வெளிவந்தபோது படம் பெரும் வருவாய் ஈட்டவில்லை. பாட்டுக் கேட்க வந்தவர்கள் ஏமாந்தனர். எனினும் அவ்வாண்டுக்குரிய தேசியத் திரைப்பட விருதுகளில் இதற்கு நற்சான்றிதழ் கிடைத்தது. தமிழுக்கான வெள்ளிப் பதக்கம் அவ்வாண்டு ‘மலைக்கள்ள’னுக்குச் சென்றது. நாமக்கல் கவிஞரின் நாவலைக் கொண்டு எடுத்த அப்படமும் அரசுக்கு அகப்படாது ஒளிந்து வாழும் ஒருவன் கதைதான். ஆனால் அவன் ஏழைகளுக்கு உதவுபவன், பாட்டுக்கும் குறைவில்லை. ஒரே ஆண்டில் இரண்டு ஒளிந்து வாழ்வோர் தமிழ்நாட்டின்முன் வந்து நின்றனர். மக்கள் எவனை மாலையிட்டு வரவேற்றனர் என்று சொல்லவும் வேண்டுமோ? காடு மலைகளில் திரியும் கள்ளனை நேசித்தல் எளிது. நம் தெருவில், நன்கு உடுத்து, நன்கு படித்து, மாலையில் வானொலி கேட்டுக்கொண்டிருப்பவன் ஒளிந்து வாழ்பவனாக இருக்கக்கூடும் என்று சொல்லும் கதையை நேசித்தல் எளிதன்று.

குறைகளும் இல்லாமலில்லை. சாட்சிகளின் கதைகளுள் இரண்டொன்று நீள்கின்றன. சின்னையாப் பிள்ளையின் வேடிக்கைப் பேச்சு சில இடங்களில் நாடக மேடையை நினைவூட்டுகிறது. ஜாவர் சீதாராமன் மிக நன்றாக எழுதுபவர். ஆதலால் தாம் எழுதியதைக் குறைக்க அவருக்கு மனம் வரவில்லை போலும். ஆயினும் அதிகாரியாக அவரே புகைச்சுருட்டும் ஐயமுமாக நடந்து வரும்போது இக்குறைகளை நாம் மறந்துவிடுகிறோம்.

பாலசந்தர் இதன்பின்னும் இத்தகைய படங்களை விடவில்லை. 1964இல் ‘பொம்மை’ வந்தது. அதில் குண்டு ஒரு பொம்மைக்குள் ஒளிந்து ஊரெங்கும் கைமாறித் திரிகிறது. 1970இல் ‘நடு இரவில்’ வந்தது. அதிலும் ஒரு வீடு, பல உறவினர், ஒரு கொலைகாரன். பிறகு அவர் திரையை விட்டு வீணையோடே வாழ்ந்தார். 1982இல் பத்மபூஷண் பட்டம் பெற்றார். 1990ஆம் ஆண்டு பிலாய் நகருக்குச் சென்றிருந்தபோது அங்கே காலமானார். அந்த நாள் ஏப்ரல் 13. ‘அந்த நாள்’ வெளிவந்து முப்பத்தாறு ஆண்டு நிறைந்த அதே நாள்.